மருதமலை மேலே நின்ற வெளிச்சம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தார். "வரலாறு மாதிரி ஏதாச்சும் எழுதுங்க, ஆனா ஹாஸ்டல் வாசனையும் இருக்கோணுங்க" என்றார். அப்படி இரண்டும் சேர்ந்த விஷயம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பறக்கும் தட்டு! தயவுசெய்து சிரிக்க வேண்டாம். ஒருமுறை சிரித்ததால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

1985 பிப்ரவரி

நாங்கள் 1983-86 பி.எஸ்சி. இயற்பியல் பிரிவு. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் இரவு, என் அறைத்தோழன் மூச்சு வாங்க ஓடி வந்தான். காந்திபுரத்தில் இருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறான். இடது பக்க ஜன்னலோரம் சீட்டு. மருதமலைப் பக்கம் வானத்தில் பெரிய வெளிச்சம் ஒன்று நின்றதாம். பஸ் போனால் அதுவும் கூடவே போகிறது, பஸ் நின்றால் அதுவும் நிற்கிறது. "வேணும்னா மொட்டை மாடிக்கு வா, காட்டறேன்" என்றான்.

பத்துப் பதினைந்து பேர் போனோம். இருந்தது உண்மைதான். மலை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, பச்சையும் சிவப்புமாகத் துடித்துக்கொண்டு ஒரு வெளிச்சம். ஒருவன் மருதமலைக் கோயில் விளக்கு என்றான், இன்னொருவன் காட்டுத் தீ என்றான். சத்தம் கேட்டு மேலே வந்த வாட்ச்மேன் அண்ணன் ஒரே பார்வை பார்த்துவிட்டு, "வெள்ளிங்க தம்பி. சாயங்காலம் மேக்கால நிக்கும், அப்புறம் கொஞ்ச நாள் காணாமப் போயி விடியால கெழக்கால வரும். கவலை ஓட்டுன காலத்துல நாங்க விடிவெள்ளியப் பாத்துத்தான் எந்திரிச்சு மாடு பூட்டுவோம்" என்றார். இயற்பியல் படிக்கிற நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் மலைக்குப் பின்னால் போய்விட்டது. "எறங்கிருச்சுடா!" என்றான் என் அறைத்தோழன்.

அவ்வளவுதான். மறுநாள் காலை மெஸ் வாசல் கரும்பலகையில், "இன்று இரவு பறக்கும் தட்டு வருகிறது, அனைவரும் தட்டுடன் வரவும்" என்று எழுதியவன் நான்தான். அன்றைக்கு அவனுக்கு ஒட்டிக்கொண்ட "தட்டு" என்ற பெயர் கடைசி வரைக்கும் போகவில்லை. பிரிவு உபசார விழாவில்கூட மைக்கில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

விஷயம் எங்கள் இயற்பியல் பேராசிரியர் காதுக்குப் போயிற்று. இருவரையும் கூப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை. அவனிடம் மூன்று கேள்விகள்தான் கேட்டார். எத்தனை மணி? எந்தத் திசை? மலைக்கு மேலே எத்தனை விரல் உயரம்? அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "நீ எழுதி வெச்சிருக்கியா?" என்றார். நான் எழுதியது கரும்பலகையில் மட்டும்தான். "அவன் பார்த்தது தப்பில்லை. தெரியாமக் கேட்டதும் தப்பில்லை. குறிச்சு வெக்காம சிரிச்சது தப்பு" என்றார்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஆறு ராத்திரி நாங்கள் இருவரும் மாடியில் உட்கார்ந்து குறித்தோம். வெளிச்சம் தினமும் அதே பக்கம் தோன்றியது, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்தே இறங்கியது, நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னதாக மறைந்தது. ஏழாம் நாள் துறையின் சின்னத் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு குட்டிப் பிறை! நிலாவைப் போலவே வெள்ளிக் கோளுக்கும் பிறை உண்டு. அந்த மாதம் அது மிகப் பிரகாசமாக இருந்த காலம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னதுதான் சரி. ஆனால் "தட்டு" என்ற பெயரை அழிக்க எந்தத் தொலைநோக்கியும் உதவவில்லை.

அரசாங்கங்கள் விசாரித்த கதை

பின்னாளில் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், எங்கள் மொட்டை மாடியில் நடந்ததேதான் உலகம் முழுக்கப் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்க விமானி, ரெய்னியர் மலை அருகே ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி பறந்தன என்று அவர் சொன்னதை வைத்துப் பத்திரிகைகள் "பறக்கும் தட்டு" என்று பெயர் சூட்டிவிட்டன. அடுத்த மாதமே ரோஸ்வெல் என்ற ஊர்ப் பக்கம் ஏதோ விழுந்ததாகச் செய்தி வந்தது. வானிலை பலூன் என்றது ராணுவம். சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க "மோகுல்" என்ற பெயரில் ரகசியமாக விட்ட பலூன் வரிசை அது என்பதை, 1994-இல்தான் அமெரிக்க விமானப்படை வெளிப்படையாகச் சொன்னது. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் முளைத்த கதைகளுக்கு அளவே இல்லை. பாதி உண்மையைச் சொன்னால் மீதியை ஊர் இட்டுக்கட்டிக்கொள்ளும்!

அமெரிக்க விமானப்படை 1948-இல் "சைன்", 1949-இல் "கிரட்ஜ்", 1952 முதல் 1969 வரை "புளூ புக்" என்று மூன்று விசாரணைத் திட்டங்களை நடத்தியது. மொத்தம் பதிவானவை 12,618. நட்சத்திரம், கோள், எரிகல், பலூன், விமானம், மேகம் என்று விளக்கம் கிடைத்தவை போக, அடையாளம் காண முடியாமல் நின்றவை 701. அதாவது நூற்றுக்கு ஆறுகூட இல்லை. இந்த 701-ஐ வைத்துத்தான் இன்றுவரை வாதம். "அடையாளம் தெரியவில்லை" என்றால் தெரியவில்லை என்றுதான் பொருள். வேற்றுக்கிரகத்துக்காரர் வந்தார் என்று பொருள் ஆகாது.

இந்தத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தவர் ஆலன் ஹைனெக் என்ற வானியல் பேராசிரியர். 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர் வெளிச்சங்களைப் பார்த்தார்கள். அவர்களில் ஹில்ஸ்டேல் கல்லூரியின் பெண்கள் விடுதி மாணவிகளும் உண்டு. ஹைனெக் சில நாட்களில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, சதுப்பு நிலத்தில் அழுகும் செடிகொடிகளிலிருந்து வரும் வாயு எரிந்திருக்கலாம் என்றார். அது நடக்கக்கூடியதுதான். நம் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்வதற்கும் அதே விளக்கத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் நாடே அவரைக் கேலி செய்தது. "எங்களை முட்டாள் ஆக்குகிறார்கள்" என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டு, அந்த மாநில உறுப்பினர் என்ற முறையில், நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அதன் தொடர்ச்சியாக எட்வர்டு காண்டன் என்ற இயற்பியலாளர் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகக் குழு அமைந்தது. 1969 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை, இதில் மேலும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை என்றது. அந்த டிசம்பரிலேயே "புளூ புக்" மூடப்பட்டது.

விளக்கம் சரியாகவே இருந்தாலும், பார்த்தவரை மதிக்காமல் சொன்னால் அது நிற்காது. எங்கள் பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் சொன்னதைக் கற்க அவர்களுக்கு இருபது வருடம் ஆயிற்று.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1977-இல் தன் விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே இதற்கென ஒரு சிறு பிரிவை அமைத்தது. இன்று அந்தக் கோப்புகளைப் பொதுமக்களே படிக்கலாம்.

பாங்காங் ஏரிக் கரையில்

இனி நம் நாட்டுக் கதை. 2013 ஜூலையில் கொல்கத்தாவின் டெலிகிராப் நாளிதழ் இதை விரிவாக வெளியிட்டது. படித்தபோது என் கை நடுங்கியது.

லடாக்கில் பாங்காங் ஏரி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,250 மீட்டர். ஏரிக்கு நடுவிலேயே இந்திய, சீன அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு போகிறது. 2012 ஆகஸ்டில் இருந்து அங்கே காவலில் இருந்த வீரர்கள், சீனப் பக்கத்து அடிவானத்தில் மஞ்சள் வெளிச்சங்கள் கிளம்பி, மணிக்கணக்காக மெல்ல நகர்ந்து மறைவதைப் பார்த்து அறிக்கை அனுப்பினார்கள். சீனா அனுப்பும் ஆளில்லா உளவு விமானமோ என்று சந்தேகம். ரேடார் கொண்டுபோய் வைத்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. கோள்களாக இருக்க முடியாது என்று விஞ்ஞானிகள் சொன்னதாகக்கூட 2012 நவம்பரில் பத்திரிகைகளில் வந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, பறக்கும் தட்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி பதில் சொன்னார்.

2013 பிப்ரவரிக்குள் வீரர்கள் குறித்து வைத்த காட்சிகள் 329. அவற்றில் 155 முறை எல்லைக் கோட்டைத் தாண்டியதாகக் கணக்கு. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் ராணுவம் விளக்கம் கேட்டது. நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தையும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிற அதே நிறுவனம்தான். லடாக்கின் ஹான்லேயிலும் அதற்கு ஆய்வகம் உண்டு. வானத்துப் பொருளா, பூமியில் இருந்து கிளம்பியதா என்று கண்டுபிடிப்பதே அவர்கள் வேலை. வெளிச்சங்கள் பின்னணி நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகர்கின்றன என்று குறித்துப் பார்த்தார்கள். விடை வந்தது. ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி!

இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. யோசித்துப் பாருங்கள். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் பொழுது சாய்ந்ததும் கிழக்கே உதித்து விடிய விடிய வானத்தில் இருந்தது. வெள்ளியோ விடியலில் கிழக்கே எழுந்தது. அங்கே கிழக்கு என்றால் சீனப் பக்கம். அவ்வளவு உயரத்தில் காற்று மெல்லியது, தூசி இல்லை, கோள்கள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். இருட்டில் தனியாக நிற்கும் ஒரு புள்ளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், அது அசையாவிட்டாலும் அசைவது போலத் தோன்றும். இது கண்ணின் இயல்பு. பஸ்ஸோடு வெளிச்சமும் ஓடியதாக என் நண்பன் சொன்னானே, அதுவும் இப்படித்தான். பக்கத்து மரமும் வீடும் பின்னால் ஓட, பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பது மட்டும் இடம் மாறாமல் நின்றால், கூடவே வருவதாகத்தான் மனது சொல்லும்.

மாணவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். பூமி சூரியனைச் சுற்றி வருவதால் வரும் வித்தியாசம் இது. வியாழனும் ஏறத்தாழ இந்தக் கணக்குப்படியே நடக்கும். மனிதன் ஓட்டும் விமானத்துக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது. ஒழுங்காக நேரம் குறித்த நோட்டு இருந்தால், மூன்றே வாரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பந்தயத்தில் வைத்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 15 முதல் மே 5 வரை, அதே லடாக்கில், தெப்சாங் சமவெளியில் இந்தியப் படையும் சீனப் படையும் கூடாரம் போட்டு எதிரெதிரே நின்றன. இரண்டும் அணுகுண்டு வைத்திருக்கிற நாடுகள். அந்த நேரத்தில் "155 முறை அத்துமீறல்" என்ற கணக்கு கோப்பில் இருந்தால் எப்படி இருக்கும்? வெள்ளியும் வியாழனும் போய் ஒரு சண்டைக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

அந்த வீரர்களை நான் கேலி செய்ய மாட்டேன். நம் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் அந்தப் பனியில் காவல் நிற்கிறார்கள். பார்த்ததைப் பார்த்தபடி 329 முறை எழுதி வைத்தார்கள். மேலதிகாரி யாராவது சிரித்திருந்தால், அடுத்த ஆள் அறிக்கையே எழுதியிருக்க மாட்டான். பிற்பாடு நிஜமாகவே ஓர் உளவு விமானம் வந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

மண்ணில் நடந்ததும் வானத்தில் நடந்ததும்

நம் மாநிலத்தில் நேர்மாறான கதை ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டது. பஸ் டிரைவர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்று அரசு அறிவித்து நிவாரணமும் கொடுத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆனால் வெளியான படங்களைப் பார்த்த அமெரிக்க நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்புக்கே அது பொருந்துகிறது என்றார்கள். லடாக்கில் வானத்துப் பொருளை மனிதன் செய்ததாக எண்ணினார்கள். இங்கே பழியைத் தூக்கி வானத்தின் மேல் போட்டார்கள். அளக்கும் முன் விடை சொன்னால் இரண்டு பக்கமும் தவறு வரும்.

இன்றைய வானம் நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்து வானம் இல்லை. 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவில் தீக்கோடுகள் பாய்ந்தன. சந்திரபூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் பெரிய உலோக வளையம் விழுந்தது. சீன ராக்கெட்டின் மிச்சம். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, ஐதராபாத் வானத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது, பிறகு விகாராபாத் மாவட்டத்து வயலில் ஒரு பெரிய கூண்டு இறங்கியது. சுற்றுவட்டாரமே திரண்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்தில் இருந்து, ஒரு ஸ்பெயின் நாட்டு நிறுவனத்துக்காக விட்ட சோதனைப் பலூனின் கூண்டு அது. 2019-இல் இருந்து ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நம் பக்கத்துக்கு என்று சில உண்டு. மாசி, பங்குனியில் மலைச்சரிவில் கோடு கோடாகத் தெரியும் காட்டுத் தீ. வெள்ளியங்கிரி ஏறும் பக்தர்களின் டார்ச் வரிசை. சூலூர் விமானப்படைத் தளத்துப் போர் விமானங்கள் ஒலி வேகத்தைத் தாண்டும்போது வரும் இடிச்சத்தம். இவை ஒவ்வொன்றையும் ஒருமுறை நின்று கவனித்தவருக்கு மறுமுறை பயம் வராது.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ பறந்ததால் விமானங்களை நிறுத்தினார்கள். ரஃபேல் போர் விமானங்கள் தேடிப் போய்ப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நாசா அமைத்த நிபுணர் குழு சொன்னது இதுதான்: வேற்றுக்கிரகத்தவர் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் நல்ல அளவீடுகளும் போதவில்லை, பார்த்தவர்கள் கூச்சப்படாமல் சொல்ல வழி வேண்டும். "தெரியவில்லை" என்று எழுதி வைப்பதும் நேர்மையான விடைதான்.

ஒரு பாக்கி

சில வருடங்களுக்கு முன் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பழைய அறைத்தோழனைப் பார்த்துவிட்டேன். எத்தனையோ வருடம் கழித்துப் பார்த்த சந்தோஷத்தில், "டேய் தட்டு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் அவன் மகள் நின்றிருந்தாள். அவன் முகம் சுண்டிப் போனது. பிறகு என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றான். ஒரே அறையில் மூன்று வருடம் "டா" போட்டுப் பேசியவன், "ங்க" போட்டுப் பேசினான். இலையில் என்ன பரிமாறினார்கள் என்று எனக்கு நினைவே இல்லை.

நம் சங்கச் சந்திப்புகளுக்கு அவன் ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தப் பெயர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அவன் பார்த்ததையேதான் ஒரு ராணுவம் ஆறு மாதம் பார்த்து ஏமாந்தது. அவர்களுடைய நோட்டுக்குக் கிடைத்த மரியாதை அவனுக்குக் கிடைக்கவில்லை. கரும்பலகையில் எழுதியவன் நான். அதை அழிக்க வேண்டியவனும் நான்தான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு விடுதியில் யாராவது ஓடி வந்து எதையோ பார்த்தேன் என்றால், முதலில் அவனோடு மாடிக்குப் போங்கள். எத்தனை மணி, எந்தத் திசை, எத்தனை விரல் உயரம் என்று எழுதுங்கள். வாட்ச்மேன் ஏதாவது சொன்னால் அதையும் எழுதுங்கள். விடை தானாக வரும்.

நண்பா, இந்த மலரை உன் முகவரிக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சந்திப்புக்கு வா. பழைய மொட்டை மாடி அப்படியேதான் இருக்கிறது. வெள்ளி எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, சேர்ந்து பார்ப்போம். இந்த முறை உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.